தொட்டில் கொக்கி

அப்படித் தட்டுனா அது எப்படித் தூங்கும் அம்மிணி? மாவு சலிக்கறாப்ல தட்டறீங்க. வெள்ளகோயில்ல ஏறி உக்காந்ததுலருந்து பாத்துக்கிட்டே வரேன். தோள்ல போட்டுப் பாக்கறீங்க, மடியில போட்டுப் பாக்கறீங்க, அப்பறம் ஜன்னல்ல காத்தாடி காட்டறீங்க. தூங்க வேண்டிய புள்ளைக்கு ஆராச்சும் காத்தாடி காட்டுவாங்களா? இப்பப் பாருங்க, என்ற மூஞ்சியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருக்குது. எத்தனை மாசம்? ஏழா? என்ற பேத்திக்கு எட்டு முடியப்போகுது. மிதுரான்னு பேரு. அர்த்தம் கேக்காதீங்க, வெச்சவங்களுக்கே தெரியாது.

எங்க எறங்கறீங்க? சிங்காநல்லூரா, கடைசி ஸ்டாப். நான் சூலூர்ல எறங்கிக்குவேன். அதுவரைக்கும் நேரம் கெடக்குது, சொல்றதைக் கேளுங்க. புள்ளை தூங்கற விசயத்துல இந்த பஸ்ஸுல என்னைவிட வெவரம் தெரிஞ்ச ஆளு கெடையாது. சிரிக்கறீங்களா? சிரிக்கலையா, செரி.

நான் கட்டட மேஸ்திரிங்க. செங்கோட மேஸ்திரின்னு வெள்ளகோயில்ல ஆரைக் கேட்டாலும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்து விட்டுருவாங்க. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. முன்னூத்திச் சொச்சம் வீடு கட்டியிருக்கறேன். அத்தனை வீட்டுலயும், வீட்டுக்காரன் கேட்டாலும் கேக்காட்டியும், படுக்கற ரூம்ல மேல ஒரு கொக்கி போட்டிருக்கறேன். தொட்டில் கொக்கி. தளத்துக்குக் கம்பி கட்டறப்பவே பத்து எம்எம் கம்பியை வளைச்சு, அதோட ரெண்டு காலையும் மேல் கம்பியில பின்னிக் கட்டிறோணும். அப்பறம் காங்கிரீட் விழுந்துச்சுன்னா அது தளத்துக்கே எலும்பாட்டம் ஆயிரும். பத்துப் பேர் சேந்து தொங்கினாலும் வராது. வீடு கட்டி முடிச்சப்பறம் துளை போட்டு போல்ட்டு மாட்டறானுங்களே, அதெல்லாம் வேலையே இல்லீங்க.

என்ஜினியர் வரைஞ்சு குடுக்கற படத்தைப் பாத்திருக்கறீங்களா? ஏசிக்கு ஓட்டை இருக்கும். டிவி மாட்டறதுக்கு எடம் இருக்கும். செருப்பு வெக்கறதுக்குக்கோட அலமாரி போட்டிருப்பான். புள்ளை தூங்கறதுக்கு என்ன ஏற்பாடுன்னு கேட்டா என்னைய மேலயும் கீழயும் பாப்பான். இவனுங்களையெல்லாம் பெத்தவங்க நிக்கவெச்சே வளத்துட்டாங்க போல.

முத்தூர்ல ஒரு வாத்தியார். நாப்பத்தஞ்சு வயசு, கல்யாணம் ஆகலை, ஆகப்போறதும் இல்லை. "எனக்கு எதுக்கு மேஸ்திரி அந்தக் கொக்கி?"ன்னாரு. தலையை ஆட்டிட்டுப் போட்டுட்டேன். இன்னைக்கு அதுல வாழைத்தார் கட்டித் தொங்கவிட்டிருக்கறாரு. போச்சாதுங்க, இருந்துட்டுப் போகட்டும். கொக்கி இருக்குதில்ல.

ஏனம்மிணி, டிரைவரை அந்தப் பாட்டைச் சித்தெ கொறைக்கச் சொல்லுங்க. இத்தனை சத்தத்துல நான் கத்திப் பேச வேண்டியிருக்குது. புள்ளை முழிக்கறதே அந்தப் பாட்டாலதான்.

எனக்கு ஒரே மக. கோகிலவாணி. கம்ப்யூட்டர் படிச்சவ. மாப்ளை நவநீதனும் அதே படிப்பு, அதே வேலை. போன வருசத்துக்கு முந்தின வருசம் சூலூர்ல எடம் வாங்கி வீடு ஆரம்பிச்சாங்க. "மாமா, நீங்களே நின்னு கட்டிக் குடுக்கோணும்"னு மாப்ளை வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரு. மரியாதை தெரிஞ்ச பையன்தான், அதைச் சொல்லியாகோணும். ஆனா படம் போட்டது கோயமுத்தூர் என்ஜினியர். நான் போயி, "இந்த ரூம்ல கொக்கி வருதுங்க"ன்னேன். அதுக்கு மாப்ளை சொல்றாரு, "வேண்டாம் மாமா, ஃபால்ஸ் சீலிங் போடறோம், அதுல கொக்கி நீட்டிக்கிட்டிருந்தா நல்லாயிருக்காது"ன்னு. மேல நல்ல காங்கிரீட் தளம் இருக்குது. அதுக்குக் கீழ சுண்ணாம்பு அட்டையில இன்னொரு தளமாம். சட்டைக்கு மேல சட்டை. அதுல கொக்கி மட்டும் அசிங்கமாப் போச்சு.

என்ற மக நெத்தியத் தொட்டுக்கிட்டு, "குழந்தை தனிக் கட்டில்லதாம்ப்பா தூங்கும். அதுதான் பாதுகாப்பு"ன்னா. அவ்வளவுதான். அவ நெத்தியத் தொட்டுட்டான்னா அப்பறம் நான் வாயத் தொறக்க முடியாதுங்க. அது ஒரு கதை.

வாயத் தொறக்கலை. கைய மட்டும் சும்மா வெச்சிருக்கலை. கம்பி கட்டற ராசுவைக் கூப்பிட்டு, வடக்குச் செவுத்துலருந்து நாலடி, கெழக்குச் செவுத்துலருந்து அஞ்சடி, கட்டுடா கொக்கியைன்னேன். கட்டிட்டான். காங்கிரீட் விழுந்துச்சு. அட்டைத் தளம் வந்து அதை மூடிருச்சு. என்ஜினியர் வந்து பாத்தான், மாப்ளை வந்து பாத்தாரு, கிரகப்பிரவேசத்துக்கு எரநூறு பேர் வந்து பாத்தாங்க. ஒருத்தனுக்கும் தெரியலை. படிச்சவங்க.

தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதானுங்களே பாக்கோணும்? அதுதானுங்களே மொறை? என்ற வீட்டுக் கொக்கியில பாவாயியோட பழைய நூல் சேலை ரெண்டைத் தொவைச்சு, காயவெச்சு, மடிச்சு, கட்டியே வெச்சிருந்தேன். பாவாயி என்ற சம்சாரம். மக வரலை. ஆசுபத்திரி கோயமுத்தூர்ல, அதனால சூலூர்லயே இருக்கறேன்னுட்டா. பாவாயிதான் அங்க போயி மூணு மாசம் கெடந்தா. தொட்டில் என்ற வீட்டுல சும்மா தொங்குச்சு. நான் ஒத்தையில உக்காந்து சோறு திங்கறப்ப ஃபேன் காத்துல அதுபாட்டுக்கு ஆடும். கழட்டலை. ஏன் கழட்டோணும்?

புள்ளைக்கு அஞ்சாவது மாசம் நான் போயி ஒரு வாரம் தங்குனேன். அங்க நடக்கற கூத்தைக் கேளுங்க. தூங்கறதுக்கு ஒரு டீச்சர் அம்மிணி. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு வீடியோவுல வருது அந்தப் பொம்பளை. புள்ளையை எப்பப் படுக்க வெக்கறது, எப்ப எழுப்பறது, அழுதா எத்தனை நிமிசம் கழிச்சுப் போறதுன்னு பாடம். என்ற மக நோட்டுல எழுதிக்கறா. நானும் பின்னால நின்னு ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்குக் கொழந்தை எத்தனைங்க?"ன்னு அந்தம்மாகிட்டக் கேட்டேன். மக போனை மூடிட்டா.

அப்பறம் ஒரு டப்பா. அமுக்குனா மழைச் சத்தம் வருது. சூலூர்ல மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு? அந்த ரூமுக்குள்ள மட்டும் தெனமும் அடைமழை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, பட்டப்பகல்ல உள்ள போனா செவுத்தைத் தடவிக்கிட்டுத்தான் நடக்கோணும். புள்ளையைக் கைய மட்டும் வெளிய விட்டு ஒரு பைக்குள்ள போட்டு ஜிப்பு இழுத்துவிடறாங்க. அரிசி மூட்டையாட்டம். சுத்தியும் கம்பி வெச்ச கட்டில். மேல மூலையில ஒரு கேமரா, அதை ஆபீசுல இருந்துக்கிட்டே போன்ல பாக்கலாமாம். சிறைக்கூடம்னு நான் சொன்னாத் தப்புங்கறாங்க.

இத்தனையும் பண்ணிப் புள்ளை தூங்குச்சான்னு கேளுங்க. தூங்கலைங்க. ஒரு பொழுதும் தூங்கலை. "ஏழு மணிக்குப் போட்டா காலையில ஆறு மணிக்குத்தாம்ப்பா எழுவா"ன்னு மக சொல்றா. ஆரு பாத்தா? நான் பாத்தேனே. கதவைத் தொறந்து, லைட்டைப் போட்டு, கிட்டப் போயி மூக்குக்குக் கீழ வெரலை வெச்சுப் பாக்கறேன், கண்ணைத் தொறந்துக்கிட்டுக் கெடக்குது. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி போறேன், மறுபடி கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் கெடக்குது. நாலு தடவை போனா நாலு தடவையும். பகல்லயும் அதே கதை. ஏழு நாளும் அதே கதை. அந்த ரூமுல தூக்கம் வராதுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மக என்னடான்னா, "நீங்க இருக்கற நாள்ல மட்டும்தான் இப்படி"ங்கறா. பாவாயியும் ஆமாங்கறா. நாப்பது வருசம் என்ற கோடக் குடும்பம் நடத்துனவ, மூணு மாசத்துல கட்சி மாறிட்டா.

நீங்க சொல்லுங்க, அக்கறையா எட்டிப் பாக்கறது ஒரு குத்தமா? அட, உங்க புள்ளை கண்ணைச் சொருகுது பாருங்க. ஏனுங்கண்ணு, தூக்கமா? இங்க பாரு. தாத்தாவைப் பாரு. அடடா, முழிச்சுக்கிச்சு. பாத்தீங்களா, மடியில போட்டா நெலைக்காதுங்க. அதுக்குத்தான் சொல்றது.

போன மாசம் மக மறுபடி ஆபீசு போக ஆரம்பிச்சா. பாவாயிதான் புள்ளையப் பாத்துக்கறா. நான் ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போனேன். பையில சுத்தியல், உளி, கம்பி அறுக்கற பிளேடு, அந்த நூல் சேலை. மத்தியானம் பாவாயி புள்ளையை அந்த ஜிப்புப் பையில போட்டு, மழையத் தொறந்துவிட்டுட்டு, துணி தொவைக்க மாடிக்குப் போயிட்டா. எனக்கு ஒரு ஸ்டூல் போதும். நாலடி, அஞ்சடி, கண்ணாலயே அளந்தேன். பாத்தா கொக்கிக்கு நேர் கீழ புள்ளையோட கட்டில். நகத்துனா எழுந்துக்கும். தூங்கற புள்ளையத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு, கட்டிலு மேல ஒரு வேட்டியை விரிச்சு மூடிட்டு, சுத்தியலை எடுத்தேன்.

நாலு அடியில அட்டை விட்டுருச்சு. உள்ள என்ற கொக்கி. தூசி தட்டிப் பாத்தா நேத்து வளைச்சாப்ல இருக்குதுங்க. ஒரு பொட்டுத் துருவில்லை. புள்ளை எதுக்கோ வீரிட்டு அழ ஆரம்பிச்சிருச்சு. அந்த ரூமுல அது தூங்காதுன்னுதான் சொன்னேனே. கட்டிலை ஓரமாத் தள்ளிட்டு, சேலையை மாட்டி, முடிச்சுப் போட்டு, நானே ஒரு தடவை இழுத்துத் தொங்கிப் பாத்துட்டு, புள்ளையை எடுத்துத் தொட்டில்ல போட்டேன். அரை மணி அழுத புள்ளை. தொட்டில்ல போட்ட அஞ்சாவது நிமிசம் தூங்கிருச்சு. பெங்களூர்க்காரி வந்து பாக்கோணும்னு நெனைச்சேன்.

வந்தது என்ற மக. ஆபீசுல உக்காந்து போனைப் பாத்திருக்கறா. கட்டிலு மேல வெள்ளைத் துணி போத்தியிருக்குது, அதுக்கு மேல அவங்கப்பன் சுத்தியலோட நிக்கறான், அட்டை அட்டையா விழுகுது. பாவாயிக்குப் போன் போட்டிருக்கறா, அது சமையக்கட்டுல கெடந்திருக்குது. ஆட்டோ புடிச்சு ஓடியாந்துட்டா. கால்ல செருப்பில்லை. நான் வாசல்ல போயி, "சத்தம் போடாத, தூங்குது"ன்னேன். என்னையத் தள்ளிட்டு உள்ள போனா. தொட்டில் ஆடறதைப் பாத்தா பாருங்க, அப்படியே கீழ உக்காந்துட்டா. அப்பறம் மொழங்கால்லயே நகந்து போயி, சேலைய வெலக்கி, புள்ளை மூக்குக்குக் கீழ வெரலை வெச்சுப் பாத்தா. நான் வெச்சுப் பாக்கறாப்லயே. அதுல நிம்மதியாத் தூங்குன புள்ளை எழுந்திருச்சுருச்சு. கெடுத்தா. நான் எழுப்பறேன்னு என்னையச் சொன்னவ.

அவ திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மறுநாள் ஒரு காயிதத்தை நீட்டினா. இருங்க, பையிலதான் இருக்குது. படிச்சுப் பாருங்க. "ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டரை முதல் நாலரை வரை." பாப்பா முழிச்சிருக்கற நேரமாம். அந்நேரம் வந்து பாத்துட்டுப் போயிருங்கன்னா. மண்ணெண்ணெய் ஊத்தற கடையாட்டம் எனக்கு நேரம். பெத்த மக வீடு, நான் கட்டுன வீடு. இன்னைக்கு நாலாவது ஞாயித்துக்கிழமை. போன வாரம் பஸ்ஸு சீக்கிரமாப் போயிருச்சு, ஒண்ணே முக்காலுக்கே எறங்கிட்டேன். வீட்டு கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடையில உக்காந்திருந்தேன். மானங்கெட்ட பொழப்பு. ஆனா ரெண்டரைக்கு முந்தி போகலைங்க.

அந்தக் கொக்கியை அறுக்கச் சொன்னாங்க. பிளேடை வெச்சேன். கை வரலை. அறுத்தாச்சுன்னு மாப்ளைகிட்டச் சொல்லிட்டேன். அட்டையை மூடிட்டாங்க. உள்ளதான் இருக்குது.

என்னங்க? பால் கலக்கோணுமா? குடுங்க, நான் வெச்சிருக்கறேன். அட குடுங்கம்மிணி, தின்னுற மாட்டேன். தோள்ல போட்டுக்கறேன். ஆங், அப்படித்தான். கனமாத்தான் இருக்கறீங்க சாமி. நீங்க பொறுமையாக் கலக்குங்க, சுடுதண்ணி பாத்து.

அந்த நெத்தி கதை கேட்டீங்களா? கேக்கலையா. செரி, சொல்றேன்.

மெதுவாவே சொல்றேன், காதுகிட்ட புள்ளை இருக்குது. என்ற மக கோகிலாவுக்கு அப்ப இதே ஏழு மாசம். நானும் பாவாயியும் ஒரே சைட்டுல வேலை. நான் கொத்து, அவ சித்தாள். புள்ளையை எங்க விடறது? சாரத்துக்குக் கட்டியிருந்த சவுக்குக் கட்டையில சேலையக் கட்டித் தொட்டில் போட்டேன். நாந்தான் கட்டினேன். தொட்டிலுக்கு ஒரு கயிறு கட்டி, பூசிக்கிட்டே கால்ல இழுத்து ஆட்டுவேன். அன்னைக்கு ஆரோ சாரத்துல ஏறினான், கட்டை நழுவிருச்சு. கீழ ஜல்லிக் குமி.

அழலைங்க அம்மிணி. அழுதிருந்தாப் பரவாயில்லை. பொட்டுச் சத்தமில்லை. நெத்தி பொளந்து ரத்தம் வருது, புள்ளை தூங்கறாப்ல கெடக்குது. மூக்குக்குக் கீழ வெரலை வெச்சுப் பாத்தேன், வெரல்ல பூரா சிமெண்ட்டு, ஒண்ணும் தெரியலை. பாவாயி கத்தறா. நான் வெரலைத் தொடைச்சுத் தொடைச்சு வெக்கறேன். எனக்கு உசுரே இல்லை. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடறப்ப, காங்கயம் ரோட்டுலதான் அது வாயத் தொறந்து அழுதுச்சு. ஆறு தையல். அந்த அழுகையைக் கேக்கறதுக்கு நான் பட்ட பாடு என்ற சாமிக்குத்தான் தெரியும்.

அதுக்கப்பறம்தான் கொக்கி. ஒரு வீடு விடலை. கொக்கி இருந்திருந்தா அது விழுந்திருக்காதில்ல? மக என்னடான்னா தொட்டிலே வேண்டாங்கறா. தழும்பை அவ கண்ணாடியில பாக்கறா. நான் அன்னைக்குப் பாத்ததை அவ பாக்கலையே. இன்னைக்கு வரைக்கும் எனக்கு, தூங்கற புள்ளையச் சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியலைங்க. சத்தம் வந்தாத்தான் ஆகுது. அதைப் போயி அவகிட்ட எப்படிச் சொல்றது.

ஏனம்மிணி, இது என்ன ஒண்ணும் அசையலை?

தூங்கிருச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்குத் தோளுக்குப் பின்னால தெரியலை. கண்ணு மூடியிருக்குதா? வாயும் தொறந்துருச்சா. இருங்க, நான் மூக்குல...

வேண்டாம். வேண்டாம், கழுத்துல மூச்சு படுது. சூடாப் படுது. போதும்.

பாலை அப்பறம் குடுத்துக்கலாம், மூடி வைங்க. கண்டக்டரு, விசிலைக் காதுகிட்ட வந்து ஊதாதய்யா. என்ன, சூலூரா? அதுக்குள்ளயா? மணி எத்தனை? ரெண்டே கால்.

இல்லைங்க, நீங்க வாங்க வேண்டாம். கைய நீட்டாதீங்க. இப்ப மாத்துனா எழுந்துக்கும், எனக்குத் தெரியும், நான் எத்தனை புள்ளைய எழுப்பியிருக்கறேன். நீ போய்யா கண்டக்டரு, பஸ்ஸை எடு, நான் எறங்கலை. சிங்காநல்லூர் வரைக்கும் போயிட்டு, வேற பஸ்ஸு புடிச்சுத் திரும்பி வரேன். இப்ப என்ன, ரெண்டு மணி நேரத்துல ஒரு மணி நேரம் போகும். போகட்டும். டப்பாவுல மழை பெய்யற வீட்டுக்கு எப்பப் போனா என்ன.

அந்தக் காயிதத்துக்குப் பின்னால என்ற மக நம்பர் இருக்குது. உங்க போன்ல ஒரு தடவை கூப்பிடுங்க அம்மிணி. அப்பா வர நேரமாகும்னு சொல்லுங்க. ஏன்னு கேப்பா. புள்ளை தூங்குதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

மெதுவாப் பேசுங்க.